டான் ஸ்டேலியா, பெக்கி ஹேமனா: பயிற்சியாளர் ஆவதற்கு இரண்டு பாதைகள்

இருவருமே அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனைகள், இருவருமே பாயிண்ட் கார்டுகள், அதாவது களத்தில் அணியின் ஆட்டத்தை வழிநடத்துபவர்கள். ஆடும்போதே பாதி பயிற்சியாளர் வேலை பார்க்கும் இடம் அது. ஆனால் பயிற்சியாளர் ஆன விதம் வேறு.

ஸ்டேலி ஆட்டத்தை விடாமலேயே பயிற்சியாளர் ஆனார். 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியை ஏற்றார். கோடையில் டபிள்யூஎன்பிஏ (பெண்களுக்கான தொழில்முறை லீக்) ஆட்டம், குளிர்காலத்தில் கல்லூரி அணி. இதற்கு நடுவே 2004 ஏதென்ஸில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் வேறு! 2008இல் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய் 2017, 2022, 2024 என மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். கடைசிப் பட்டத்தின்போது 38 ஆட்டம், ஒரு தோல்விகூட இல்லை.

ஹேமனை 1999 டபிள்யூஎன்பிஏ டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாருமே எடுக்கவில்லை. 2013இல் முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்தபோது, என்பிஏவில் (ஆண்களுக்கான தொழில்முறை லீக்) ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் பயிற்சிகளுக்குப் போய்க் கவனித்தார். அடுத்த ஆண்டே ஸ்பர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் அவரை உதவிப் பயிற்சியாளராக்கினார். 2020 டிசம்பர் 30இல் நடுவர் போப்போவிச்சை வெளியேற்ற, என்பிஏ ஆட்டமொன்றில் தலைமைப் பயிற்சியாளர் இடத்தில் நின்று அணியை நடத்திய முதல் பெண் ஆனார். ஆனாலும் எந்த என்பிஏ அணியும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கவில்லை. சரி என்று 2022இல் டபிள்யூஎன்பிஏ அணியான லாஸ் வேகாஸ் ஏசஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். வந்த ஆண்டே பட்டம், மறு ஆண்டும் பட்டம்.

எனக்கு ஸ்டேலியின் வழிதான் பிடிக்கிறது. உடம்பைப் பிழிந்தெடுக்கும் வழி, ஆனால் முடிவெடுக்கும் நாற்காலி முதல் நாளே கிடைத்துவிடுகிறது. ஹேமனுக்கு அதற்கு எட்டு சீசன் பிடித்தது.