யாழ்ப்பாணம் போக பலாலியா, கட்டுநாயக்கவா?

மேப்பில் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 645 கிலோமீட்டர் வரும். அந்தக் கோடு கிட்டத்தட்ட யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியின் தலைக்கு மேலேயே போகும். அதாவது யாழ்ப்பாணம் போகிறவர் கொழும்பு வழியாகப் போனால், ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, அப்புறம் வந்த வழியே வடக்கே திரும்ப வேண்டும்.

பலாலி வெறும் 355 கிலோமீட்டர்தான், வான்வழியில் பார்த்தால் சென்னைக்கு மதுரையைவிடப் பக்கம். ஆனால் தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். பலாலிக்குப் பறப்பது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம், ஜெட் வேகம் அதற்குக் கிடையாது. இரண்டுக்குமே ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். வித்தியாசமெல்லாம் தரையில் இறங்கிய பிறகுதான்.

நான் முதல் தடவை கட்டுநாயக்க வழியாகத்தான் போனேன். ராத்திரி இறங்கி, வெளியே வந்து யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடித்து, புத்தளம், அநுராதபுரம் என்று தூங்கி விழுந்துகொண்டே போய், வவுனியாவில் விடியற்காலை ஒரு பிளேன்டீ. ஆனையிறவு தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸில் மட்டும் எட்டு மணி நேரம். நண்பனின் அம்மா வாசலிலேயே கேட்டார்: "சென்னையிலை இருந்து வர ஒரு நாளோ மோனை?"

அடுத்த தடவை பலாலி. படி இறங்கி ஓடுபாதை ஓரமாக நடந்து போனால் கட்டடம், சின்ன இடம், வரிசையும் சின்னது. அங்கிருந்து யாழ்ப்பாண டவுன் பதினாறு கிலோமீட்டர் போல, ஆட்டோவிலேயே போய்விடலாம். சென்னையில் முன்கூட்டியே போய்க் காத்திருந்ததையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கொழும்பு வழியில் அதே கணக்கு பன்னிரண்டைத் தாண்டும்.

சரி, பலாலியில் குறையே இல்லையா? இருக்கிறது. கொழும்புக்கு ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று உண்டு, ஆபீஸ் முடித்துவிட்டு ராத்திரியும் கிளம்பலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. 2019 நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது, அதனால் டிக்கெட் போடும் முன் அந்த வாரம் எந்தெந்த நாள் பறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சாமான் மாதிரி பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகிறவர்கள் எடைக் கணக்கையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது, சின்ன விமானம் பாருங்கள்.

டெல்டாக்காரர்களும் மதுரைப் பக்கத்தவர்களும் இதற்காகச் சென்னை வர வேண்டாம். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தே பலாலிக்கு விமானம் விட்டார்கள், தூரம் 185 கிலோமீட்டர்கூட இல்லை.

கண்டி, காலி, கொழும்பில் வேலை என்றால் கட்டுநாயக்கதான், அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. டிக்கெட் ஆயிரம் ரெண்டாயிரம் குறைவாகக் காட்டுகிறதே என்று யாழ்ப்பாணத்துக்கும் அதையே போடுகிறவர்கள், அந்த எட்டு மணி நேர பஸ்ஸையும் கணக்கில் எழுதிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.