சங்கத்து வீடா, அசோசியேஷன் ஃப்ளாட்டா? உறுப்பினர் விதிகளைப் படித்த பிறகு நாங்கள் எடுத்த முடிவு

நான்கு வருடங்களுக்கு முன் ஆதம்பாக்கத்தில் வீடு தேடியபோது கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ஊழியர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று கட்டிய குடியிருப்பில். மற்றது, இரண்டு தெரு தள்ளி, பன்னிரண்டு ஃப்ளாட் உள்ள தனியார் கட்டடத்தில். பரப்பு, தண்ணீர், பரங்கிமலை ஸ்டேஷனுக்கு உள்ள தூரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சங்கத்து வீடு நான்கு லட்சம் மலிவு. ஆனாலும் ஃப்ளாட்டைத்தான் வாங்கினோம்.

சங்கத்துச் செயலாளர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "முதல்ல மெம்பர்ஷிப் கிடைக்கணும் சார், அப்புறம்தான் வீடு." அங்கே நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. விற்பவரிடம் இருந்தது பங்குச் சான்றிதழும் ஒதுக்கீட்டு ஆணையும்தான். நாம் விண்ணப்பித்து, நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுச் சேர்த்துக்கொண்டால்தான் வீடு கைமாறும். மறுத்தால் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதுவரை விற்பவர் காத்திருப்பாரா? நாளை நாம் விற்கும்போதும் இதே வாசல்தான். துணை விதிகளில் இன்னொன்றும் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஓர் உறுப்பினர், அவருக்கே ஓட்டு. என் மனைவி இணை உறுப்பினராகலாம், ஓட்டு கிடையாது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை நிறுத்தியது நாமினி விவகாரம்.

என் சித்தப்பா கல்யாணத்துக்கு முன்பே இப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தவர். படிவத்தில் நாமினியாகத் தன் அண்ணன் பெயரை எழுதினார். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, முப்பது வருடம் அதே வீட்டில் குடியிருந்தும் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் போன பிறகு சங்கத்துப் பதிவேட்டில் உறுப்பினராகும் உரிமை பெரியப்பாவுக்கு என்றிருந்தது. பெரியப்பா தங்கமான மனிதர், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அப்படியும் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், குழுத் தீர்மானம் என்று சித்தி பதினான்கு மாதம் அலைந்தார்.

மேற்கு வங்கக் கூட்டுறவுச் சங்க வழக்கு ஒன்றில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். உறுப்பினர் நாமினி நியமித்திருந்தால் சங்கம் நாமினி பெயருக்குத்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். வாரிசுகள் தங்கள் உரிமையைத் தனியே நிலைநாட்டிக்கொள்ளலாம். சொத்து நாமினிக்கே சொந்தமாகிவிடாது என்பது உண்மை. ஆனால் புருஷனை இழந்த ஒரு பெண் அதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறதே!

எங்கள் ஃப்ளாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. 430 சதுர அடி யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எங்கள் இருவர் பெயரிலும் பதிவான கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டால் எங்கள் பெயர் வரும். அசோசியேஷன் உறுப்பினர் என்பது வீட்டோடு தானாக வருவது, சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. எங்களில் ஒருவர் போனாலும் மற்றவர் பாதிக்கு உரிமையாளராகவே இருப்பார், மீதிப் பாதி வாரிசு முறைப்படி இறங்கும். நடுவில் ஒரு குழு உட்கார்ந்து தீர்மானம் போட வேண்டியதில்லை.

சங்கத்துக்கு உள்ள பலத்தையும் சொல்லிவிட வேண்டும். பராமரிப்புப் பணம் கட்டாதவரிடம் வசூலிக்கச் சங்கத்துக்குக் கூட்டுறவுச் சட்டம் துணை இருக்கிறது. எங்கள் அசோசியேஷனிலோ ஒரு வீட்டுக்காரர் பதினோரு மாதமாகக் கட்டவில்லை. லிஃப்ட் பழுதுக்கு மற்ற பதினொரு பேரும் கூடுதலாகப் போட்டோம். நோட்டீஸ் அனுப்பியும் பயனில்லை. சிவில் கோர்ட்டுக்குப் போக யாருக்கும் தெம்பில்லை. இந்த ஒரு விஷயத்தில் சங்கமே மேல்.

கட்டடம் பழசானால் இடித்துக் கட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருந்தவரை ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் வேலை நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2022-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதம் போதும். எங்கள் கட்டடம் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. அனுபவித்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

விலைக்காகச் சங்கத்து வீட்டைப் பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் துணை விதிகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, சங்கக் கடன் எதுவும் பாக்கி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். உறுப்பினரான அன்றே நாமினி படிவத்தில் கணவன் அல்லது மனைவி பெயரை எழுதி, முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.