ஒரிஜினலின் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வரும் 18 வோல்ட் பேட்டரி: பிரித்துப் பார்த்து எழுதிய மதிப்புரை

சென்னையில் இன்று கார்டுலெஸ் டிரில்லோ இம்பாக்ட் டிரைவரோ இல்லாத தச்சரையும் ஏசி மெக்கானிக்கையும் பார்ப்பது அரிது. கருவி நன்றாக உழைக்கிறது. பேட்டரி அதற்கு முன்பே தளர்ந்துவிடுகிறது. புதிய பேட்டரிக்குக் கடையில் கேட்கும் விலையோ, வெறும் கருவியின் விலைக்கு அருகில் வந்து நிற்கிறது. 'கம்பேட்டிபிள்' என்ற பெயரில் விற்கும் மாற்று பேட்டரிகள் புகுந்துகொள்வது இந்த இடத்தில்தான். சமையலறை அலமாரிகள் பொருத்தும் எங்கள் குழுவில் இருப்பவை எல்லாம் ஒரே நிறுவனத்தின் 18 வோல்ட் கருவிகள். அவற்றின் பழைய பேட்டரிகள் சில சார்ஜ் ஏற மறுத்தபோது, இணையத்தில் விற்கும் மாற்று பேட்டரி ஒன்றை வரவழைத்து, ஆட்கள் கையில் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். பழையவற்றில் ஒன்றை, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், பேட்டரிக்குள் இருக்கும் செல்களை மாற்றித் தரும் கடையில் கொடுத்தேன். அந்தப் பொருளையும் அந்தச் சேவையையும் பற்றியது இந்த மதிப்புரை.

மாற்று பேட்டரியின் மேல் '18 வோல்ட், 6.0 ஆம்பியர் மணி' என்று அச்சிட்டிருந்தது. ஆம்பியர் மணி என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு. இவ்வகைப் பேட்டரிகளுக்குள் பெரும்பாலும் இருப்பவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, 18650 என்ற எண்ணால் அறியப்படும் லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுதாக ஏறியதும் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்பதால் ஐந்தும் சேர்ந்து 21 வோல்ட் காட்டும். ஆகவே 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் என்று மூன்று விதமாக எழுதி விற்றாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். '48விஎஃப்', '88விஎஃப்' என்று மிரட்டும் எண்களைப் போட்டு வரும் மலிவுப் பெட்டிகளிலும் கதை இதுவே. அந்த எண்ணுக்கும் வோல்ட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

6 ஆம்பியர் மணி வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் 3,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளக்கூடிய பத்து செல்களை, இரண்டிரண்டாக இணைத்த ஐந்து தொகுதிகளாக, இரட்டை வரிசையில் வைக்க வேண்டும். அத்தகைய செல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றை வைத்து இந்த விலைக்கு விற்க முடியாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மெதுவாக இறக்கி அளக்கும் கருவியில் மாட்டியபோது கிடைத்த அளவு மூன்று ஆம்பியர் மணியைக் கூடத் தொடவில்லை. அதாவது, அட்டையில் எழுதியதில் பாதிகூட இல்லை. இந்தப் பொய்யை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி நேரம்தான் ஓடும் என்று தெரிந்தே, விலைக்காக வாங்குகிறவர்கள் உண்டு. அது அவரவர் கணக்கு. எனக்குப் பொறுக்காதது பெட்டியைத் திறந்த பிறகு கண்ணில் பட்ட இரண்டு சங்கதிகள்.

முதலாவது, வெப்ப உணரி. நல்ல பேட்டரியில் செல்களின் உடலை ஒட்டியபடி தெர்மிஸ்டர் என்னும் சிறிய உணரி ஒன்று இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சார்ஜர் அந்த மின்தடையைப் படித்துத்தான் பேட்டரி சூடாக இருக்கிறதா என்று அறிந்துகொள்கிறது. நான் திறந்த பெட்டியில் அந்த உணரியே இல்லை. அதன் இரண்டு முனைகளுக்கும் இடையில், பேட்டரிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டின் மேலேயே, அரிசியைவிடச் சிறிய ஒரு சாதாரண மின்தடையைப் பற்றவைத்திருந்தார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 10 கிலோ ஓம். மொட்டை மாடி வெயிலில் வைத்து எடுத்து, கை வைக்க முடியாத சூட்டில் மீண்டும் அளந்தாலும் அதே 10 கிலோ ஓம். இது 25 டிகிரியில் இவ்வகைத் தெர்மிஸ்டர்கள் பல காட்டும் அளவு. செல் கொதித்தாலும் 'நான் 25 டிகிரியில் சுகமாக இருக்கிறேன்' என்று சார்ஜரிடம் சொல்வதற்கென்றே வைத்த துண்டு அது. கவனக்குறைவால் விட்டுப்போனது என்று சொல்ல வழியில்லை; யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, செல்களைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் கம்பிகள். ஐந்து தொகுதிகளைத் தொடராக இணைக்கும்போது நடுவில் நான்கு இணைப்புப் புள்ளிகள் வரும். அந்த நான்கிலிருந்தும் போர்டுக்குக் கம்பியோ பட்டையோ போனால்தான் எந்தத் தொகுதி நலிந்திருக்கிறது என்று தெரியும். டிவால்ட் நிறுவனத்தின் பேட்டரியில் இந்தப் புள்ளிகளை வெளியிலுள்ள இணைப்பு வாய்க்கே கொண்டுவந்திருப்பதால், திறக்காமலே மீட்டர் வைத்து அளக்கலாம், நல்ல ஏற்பாடு. இந்த மாற்று பேட்டரியிலோ இரண்டு கோடி முனைகளிலிருந்து மட்டுமே போர்டுக்கு இணைப்பு இருந்தது. நடுவில் நடப்பது யாருக்கும் தெரியாது. சில வாரங்கள் ஓட்டி, சார்ஜர் 'நிறைந்தது' என்று பச்சை விளக்கு காட்டிய நிலையில் ஐந்து தொகுதிகளையும் அளந்தபோது 4.27, 4.26, 4.28, 4.25, 3.86 என்று வந்தது. கூட்டினால் 20.92 வோல்ட், சார்ஜரின் பார்வையில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஒரு தொகுதி பின்தங்கியதால் அதன் பங்கையும் மற்ற நான்கும் சுமந்து, 4.2 என்ற எல்லையைத் தாண்டி நிற்கின்றன. லித்தியம் செல்லில் அந்த எல்லை விளையாட்டுக்கு வைத்ததல்ல. தாண்டத் தாண்ட உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், செல் உப்பும். சூடும் சேர்ந்தால், ஏறத்தாழ 130 டிகிரியில் உருகிவிடக்கூடிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே தடுப்பாக நிற்கிறது.

விற்பனைப் பக்கத்தில் இந்தப் பேட்டரிக்கு நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தவர்களில் பலர் எழுதியிருந்த காரணம் ஒன்றே: 'ஒரிஜினல் அடிக்கடி சிவப்பு விளக்கு காட்டும், இது ஒரு தடவையும் மறுத்ததில்லை.' மறுக்கத் தெரியாததையே சிறப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அசல் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து மறுப்பதற்குக் காரணங்கள் உண்டு. நம் ஊரில் முதல் காரணம் வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் மாடியில் கிரைண்டர் ஓட்டிவிட்டு, சுடச்சுடப் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் செருகினால் அது ஏற்காது. பெரும்பாலான செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரியே உச்ச வரம்பு. சார்ஜர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். நிழலில் அரை மணி நேரம் ஆறினால் தானே தொடங்கும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்ததும் இணைப்பு வாயில் நீர் கோத்துக்கொள்ளும், அது வேண்டாம்.

அடுத்த காரணம் உப்புக் காற்று. திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் வேலை நடக்கும் தளங்களில் பேட்டரியைத் திறந்தபடி போட்டுவைத்தால் இணைப்புத் தகடுகளில் பச்சை படிந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதிப் பேட்டரிகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. துடைத்தும் ஆறவைத்தும் ஏறாவிட்டால், வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு பேட்டரியை அதே சார்ஜரில் செருகிப் பார்க்க வேண்டும். அதுவும் ஏறவில்லையென்றால் குறை சார்ஜரிடமோ, தளத்தில் இழுத்திருக்கும் தற்காலிக மின் இணைப்பிடமோ இருக்கிறது. இந்த எளிய சோதனையைச் செய்யாமல் பேட்டரியைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறாத பேட்டரி, பல மாதங்கள் காலியாகவே கிடந்து செல்கள் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியதாக இருக்கலாம். இதற்கு இணையக் காணொளிகளில் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள்: நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி இழுத்துச் செத்த பேட்டரியை உசுப்பிவிட்டால் சார்ஜர் ஏற்றுக்கொள்ளுமாம். ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு ஆழமாக இறங்கிய செல்லில் எதிர்முனைத் தகட்டின் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது வேண்டாத இடங்களில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யக்கூடும். அன்றைக்கே எதுவும் நடக்காது என்பதால்தான் அந்தக் காணொளிகள் முகம் மலர முடிகின்றன.

இனி ரிச்சி தெருக் கடைக்கு வருகிறேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழையும் அந்த நெரிசலில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போடும் அளவே உள்ள கடை. பேட்டரியை வாங்கியதும் அவர் முதலில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "சார், சில கம்பெனி போர்டு ஒரு தடவை லாக் ஆயிட்டா, புது செல் போட்டாலும் எடுக்காது. அப்படி ஆச்சுன்னா கூலி மட்டும் வாங்கிக்கிறேன், செல்லை நீங்களே எடுத்துக்கோங்க." இதை முன்கூட்டியே சொல்லும் கடைகள் குறைவு. பழைய நிக்கல் பட்டைகளைப் பிரித்து, புதிய செல்கள் ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் உள்மின்தடையையும் அளந்து ஒத்தவற்றை இணை சேர்த்து, ஸ்பாட் வெல்டிங் செய்தார். சால்டரிங் இரும்பால் நேரடியாகச் செல்லின் மேல் ஈயம் வைக்கும் கடைகளை அங்கேயே பார்க்கலாம். அந்தச் சூடு செல்லின் உள் அடைப்பைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. தெர்மிஸ்டரையும் நடு இணைப்புகளையும் பழைய இடத்திலேயே சேர்த்தார். குறை சொல்ல வேண்டுமென்றால், செல்லின் நேர்முனையைச் சுற்றி வைக்கும் காப்புத் தாள் வளையங்களை நான் கேட்ட பிறகுதான் மாற்றினார். பெட்டிக்குள் அதிர்வு மிகுந்த கருவிப் பேட்டரியில் அந்த வளையம் கிழிந்தால் பட்டை நேராகச் செல்லின் உடலில் உரசிவிடும். கேட்காமலே மாற்றியிருக்க வேண்டும்.

செல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிரைண்டர் 500 வாட் இழுத்தால் 18 வோல்ட்டில் அது ஏறத்தாழ 28 ஆம்பியர். இரட்டை வரிசையில் ஒவ்வொரு செல்லும் 14 ஆம்பியர் கொடுக்க வேண்டும். பழைய லேப்டாப்புகளிலிருந்து கழற்றிய செல்கள் இதற்குப் படைக்கப்பட்டவை அல்ல. அவை சில ஆம்பியருக்கே உரியவை. அவற்றுக்குப் புது நிறத்தில் உறை மாட்டிப் புதியவை போல் விற்பது இந்தத் தெருவில் புதிதல்ல. உறையைச் சற்றே விலக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால் பழைய வெல்டிங் புள்ளிகள் ஊசி குத்தியதுபோல் தெரியும். பெட்டிக்குள் அடைக்கும் முன் செல்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்குகிற கடையிலிருந்து நகர்ந்துவிடுங்கள். செல் மாற்றிய எங்கள் பேட்டரி, புதிய ஒரிஜினலின் பாதிக்கும் குறைந்த செலவில், டிரில், டிரைவர் வேலைகளுக்குக் குறையின்றி ஓடுகிறது. கிரைண்டருக்கு மட்டும் அதைக் கொடுக்காமல், ஒரிஜினலையே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஒரிஜினல் வாங்குவதற்குப் பாரிமுனையில் லிங்கிச் செட்டி தெருவும் சுற்றியுள்ள தெருக்களும் போதும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் கொடுக்கும் 'ஒரிஜினல்' எதுவாயினும் சந்தேகத்துக்கு உரியதே. போலி ஸ்டிக்கர் அச்சிடுவது பெரிய வித்தையில்லை. பேட்டரியின் உடலில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கியது என்று தெரிந்துவிடும். நான் சோதித்த மாற்று பேட்டரியில் அப்படி எந்த எண்ணும் இல்லை. ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்பதைக் குறிக்கும் சி.இ. என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் சற்றுக் கோணலாக அச்சாகியிருந்தன.

ஒப்பந்த வேலைகளில் ஆட்கள் வேலை நடக்கும் வீட்டிலேயே இரவு படுத்துக்கொள்வது சென்னையில் வழக்கம். சார்ஜர் வரிசையாகத் தலைமாட்டில் எரியும்; கீழே மரத்தூள், பக்கத்தில் தின்னர் டப்பா. தன்னைத் தானே கண்காணிக்காத ஒரு பேட்டரியை அந்த அறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தளங்களில் இப்போது சார்ஜர்களை வாசலுக்கு அருகில் வெறும் டைல் தரையில் வைக்கிறோம், விளக்கணைக்கும் முன் அனைத்தையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுகிறோம். பேட்டரி புகையத் தொடங்கினால் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் வெளியேறுவதே முதல் வேலை; அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். பவுடர் தீயணைப்பான் சுடரை அடக்கினாலும் செல்லின் சூட்டைக் குறைப்பதில்லை. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை நிறைய ஊற்றுவது அந்தச் சூட்டைக் குளிரவைக்கத்தான்.

மாற்று பேட்டரியை விற்றவருக்குத் தெர்மிஸ்டர் படத்தையும் அளவுகளையும் அனுப்பினேன். மறுப்பேதும் சொல்லாமல், அதே மாடலில் வேறொன்று அனுப்புவதாகவும் பழையதைக் கூரியரில் திருப்பி அனுப்பும்படியும் பதில் வந்தது. திறந்த, அளவு மீறிச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரியைக் கூரியரில் போடுவது சரக்கு விமானத்துக்கே ஆபத்து என்பதால் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும் இறக்குமதி செய்பவர் மீதும் வைக்கின்றன. ஆனால் இந்தப் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரே இல்லை. ஒரு பல்பை மாட்டி முழுதாக இறக்கி, முனைகளை டேப் ஒட்டி மூடி, பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.