பீடோங்கில் ஒரு குழந்தை மருத்துவ மீள்பார்வை வகுப்பு

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில், இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்காக வார இறுதிகளில் குழந்தை மருத்துவ மீள்பார்வை வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. நடத்துபவர் அரசாங்க மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற குழந்தை நல மருத்துவர். அருகில் செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டில் படித்துக்கொண்டு விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியவர்களும் வருகிறார்கள். இறுதித் தேர்வுக்கு முன் நானும் இந்த வகுப்பில் சேர்ந்து படித்தேன்.

பாடநூல்கள் நோய்களை உறுப்பு வாரியாகப் பிரித்து வைத்திருக்க, இவரோ தாய் என்ன சொல்லிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி வருகிறாளோ அதிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார். காய்ச்சல், இருமல், பேதி, வலிப்பு, மேலெல்லாம் தடிப்பு என்று ஐந்தாறு முறையீடுகளுக்குள் தேர்வில் வரக்கூடிய பெரும்பாலான நோய்கள் அடங்கிவிடுகின்றன. காய்ச்சல் என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, இன்று எத்தனையாவது நாள் என்பதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணிந்தும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், தாய்க்கு வரும் நிம்மதி மருத்துவருக்கு வரக்கூடாது. டிங்கியின் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, ஹெமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏற ஏறத் தட்டணுக்கள் இறங்குவது ஆகிய எச்சரிக்கை அடையாளங்களை மாணவர் பார்க்காமல் சொல்லும் வரை அவர் அடுத்த நோய்க்குப் போவதில்லை. நான்காம் நாளளவில் காதின் பின்புறத்திலிருந்து தடிப்பு இறங்கி, கண் சிவந்து, கன்னத்தின் உட்புறத்தில் வெண்புள்ளிகள் தெரிந்தால் தட்டம்மை. ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடாமல் உதடு வெடித்து, நாக்கு சிவந்து, கண்கள் சீழில்லாமல் சிவந்திருந்தால் கவாசாக்கியை, அதாவது குழந்தைகளின் இரத்தக் குழாய்களைத் தாக்கும் அழற்சி நோயை, நினைக்க வேண்டும்; இதயத்தின் இரத்தக் குழாய்கள் வீங்காதிருக்க, பத்து நாளுக்குள் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும். டிங்கியில் ஆஸ்பிரினைத் தொடவே கூடாது என்று எழுதிய அதே பலகையில் கவாசாக்கிக்கு ஆஸ்பிரின் எழுதியபோது, வகுப்பில் பாதிப் பேர் தலை நிமிர்ந்தார்கள். அதற்கான காரணத்தை மாணவர்கள் வாயாலேயே வரவழைத்தது அவருடைய திறமை.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்பதால் எலிச்சிறுநீர்க் காய்ச்சலையும், சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலையும் அவர் விடவில்லை. விடாத காய்ச்சலோடு வரும் பிள்ளையின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் உண்ணி கடித்த இடத்தின் கருகிய பொருக்கைத் தேடாமல் பரிசோதனையை முடிப்பவருக்கு அவரிடம் மதிப்பெண் கிடையாது.

பேதிப் பாடம் முழுக்க முழுக்கக் கணக்குப் பாடம். 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஓரளவு நீரிழப்பு இருந்தால், கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம் 750 மில்லிலிட்டர் உப்பு-சர்க்கரைக் கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். கடுமையான நீரிழப்பு என்றால் நரம்பு வழியாகக் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 30, அடுத்த ஐந்து மணி நேரத்தில் 70, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு அதே அளவுகள் அரை மணி நேரத்திலும் இரண்டரை மணி நேரத்திலும். எண்கள் எந்தக் கையேட்டிலும் உண்டு. ஆனால் கணக்கை முடித்த கையோடு, தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுக்கச் சொல்வது, துத்தநாக மருந்து எத்தனை நாள் என்று சொல்வது, எந்த அடையாளம் தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று விளக்குவது ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்துப் பழக்குவது கையேட்டில் இல்லை.

இந்த வகுப்புக்குக் கொடுக்கும் காசு முழுவதும் ஆஸ்கி (நோயாளியாக நடிப்பவரை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வு) பயிற்சிக்கே தகும் என்பேன். பக்கத்துத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் முன்பு பிள்ளை பார்த்த அம்மா ஒருவர் வந்து, நோயாளியின் பாட்டியாக நடிக்கிறார். சளி இருமல் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று ஒரு மாணவர் நயமாக விளக்கி முடித்ததும், “ஊசி போடாம அனுப்புறீங்களே தம்பி, புள்ளைக்கு எப்படி நல்லாகும்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்த மாணவரிடம் பதில் இல்லை. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு அந்தப் பாட்டி காலை வெயிலில் காட்டினால் போதும் என்பார். துணிப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருப்பதையும் கேட்டால்தான் சொல்வார். தொப்புள் கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (அந்துருண்டை போன்றவற்றால் சிவப்பணுக்கள் சிதைந்து காமாலை கூடும் பிறவிக் குறை) பார்க்கப்பட்டதா என்று கேட்காதவர்களும், பதினான்கு நாளைத் தாண்டிய காமாலையில் மலத்தின் நிறத்தை விசாரிக்காதவர்களும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். வெளிறிய மலம் பித்தநாள அடைப்பைக் காட்டக்கூடும், அதற்கான கசாய் அறுவை சிகிச்சை பிறந்த 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு மறப்பதில்லை.

காய்ச்சல் வலிப்பு, குரூப் (குரல்வளை வீங்கிக் குரைப்பது போல் வரும் இருமல்), பிரான்கியோலைட்டிஸ் (கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழாய் அழற்சி) ஆகிய மூன்றும் ஒரே அமர்வில் முடிந்துவிட்டன, போதுமான அளவுதான். கை, கால், வாய்ப்புண் நோய்க்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம். 1997இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரைப் பறித்த நோய் அது. தூக்கத்தில் திடுக்கிட்டுத் துள்ளும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி தேர்வில் வந்தால் இரண்டு வரிக் குறிப்பு உதவாது.

குறைகளும் உண்டு. வகுப்பில் கொடுக்கும் அச்சுக் குறிப்புகளில் தடுப்பூசி அட்டவணை பழையது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2, 3, 5, 18ஆம் மாதங்களுக்கு வந்துவிட்ட பிறகும், ஹெபடைடிஸ் பி ஊசி முதல் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தனியாகப் போடப்படுவதாக அதில் அச்சாகியிருக்கிறது. கேட்டபோது அவர் வாய்மொழியாகத் திருத்தினார். ஆயினும் குறிப்பை மட்டும் வாங்கி நகலெடுத்துப் படிப்பவர்கள் தவறான விடையையே எழுதுவார்கள். பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி அறவே இல்லை. பல்விடைக் கேள்விப் பயிற்சியும் சொற்பமே. அதற்கு இணையத்தில் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகளே மேல். மாடி அறையில் மின்விசிறி மட்டும் என்பதால் பிற்பகல் அமர்வில் புழுக்கம் தாங்காது.

பாடத்தை முதலிலிருந்து கற்க நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதன்று. ஒரு முறையாவது முழுமையாகப் படித்துவிட்டு, வார்டில் பிள்ளையின் முன் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பவர்கள் தயங்காமல் சேரலாம். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பாகவே பெயர் கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் குறிப்பு மட்டும் கேட்டு வருபவர்களை அவர் சேர்த்துக்கொள்வதில்லை.