புதிய பாம்பன் பாலத்தில் ரயில்: பழைய பாலம் பட்ட அடிகளை வைத்து ஒரு மதிப்பீடு

மண்டபத்தை விட்டு ரயில் கடல்மேல் ஏறியதும் முதலில் புலப்படுவது வேகம். பழைய பாலத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தபோது இரண்டு கி.மீ. கடலைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு அனுமதித்த வேகம் 75. கப்பல் போக மேலே தூக்கும் பகுதியான தூக்குப்பாலத்தில் மட்டும் 50. கண்மூடித் திறப்பதற்குள் பாம்பன் வந்துவிடும். கடலைப் பார்க்க நினைப்பவர்கள் மண்டபத்திலேயே ஜன்னலுக்கு வந்துவிடுங்கள். ராமேசுவரம் போகும்போது இடப்பக்கம் சாலைப் பாலம், வலப்பக்கம் மன்னார் வளைகுடா.

ஆனால் இந்தப் பாலத்தை வேகத்தை வைத்து எடைபோடுவது நியாயமில்லை. 1914 முதல் உழைத்த பழைய பாலம் எங்கெல்லாம் அடிவாங்கியதோ, அங்கெல்லாம் இது என்ன செய்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தூண்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. தண்டவாளத்தைத் தாங்கி மேலே உட்கார்ந்திருந்த இரும்பு உத்திரங்களான கர்டர்களைத்தான் கடல் தூக்கி எறிந்தது. 145 கர்டர்களில் 120க்கு மேல் போயின. நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பாலம் தப்பியது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலடியில் கிடந்த கர்டர்களையே தேடியெடுத்து மாட்டி, 46 நாளில் பாலத்தை மீட்டார். நீர்மட்டத்துக்கு மிக அருகில் கர்டர் இருந்ததுதான் அன்றைய பலவீனம். புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரம். சரியான இடத்தில் செய்த திருத்தம் இது.

2013 ஜனவரியில் கடற்படைக் கலமொன்று தூணில் மோதியது, சேதம் சிறிதுதான். இப்போது கப்பல் வழி 72.5 மீட்டர் அகலம், தூக்கினால் நீர்மட்டத்துக்கு மேல் 22 மீட்டர் உயரம் கிடைக்கிறது. ஒழுங்காக வரும் கப்பலுக்கு இது தாராளம். கட்டறுந்து மிதந்துவரும் கலத்துக்கு வழியின் அகலம் உதவாது. மற்ற தூண்களுக்கு இடையே 18.3 மீட்டர்தான், நீரோட்டம் எதன்மேல் கொண்டுபோய்ச் சாத்துமோ அதில்தான் அது மோதும்.

பழைய பாலத்தை முடித்துவைத்தது புயலுமல்ல, கப்பலுமல்ல, உப்புக்காற்று. 2018 டிசம்பரில் தூக்குப்பாலத்தில் விரிசல் தெரிந்து சில மாதம் ரயில் நின்றது. 2022 டிசம்பரில் அதே இடத்தில் அதிர்வு உணரிகள் எச்சரிக்க, ரயில் நிரந்தரமாக நின்றது. ஷெர்சர் அமைப்பில், இருபுறமும் மேலே மடங்கித் திறக்கும் இரண்டு இறக்கைகள் நடுவில் வந்து சேரும். ஒவ்வொரு சக்கரமும் அந்த இணைப்பைத் தட்டிக்கொண்டே போகும். ரிவெட் இடுக்குகளில் உப்பு தங்கி இரும்பை அரிக்கும். புதியதில் நடு இணைப்பே இல்லை. 660 டன் எடையுள்ள ஒரே துண்டு. இருபுறமும் கோபுரம், எதிர் எடை, இரும்புக் கயிறு. 17 மீட்டர் நேராக மேலே போகிறது. ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பி. இனிக் கவனம் கயிறுகளில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றின் இழுவை மாறினாலும் ஒரு மூலை உயர்ந்து நின்றுவிடும். துண்டு நாலு மூலையிலும் சரியாக உட்காராமல் ரயிலை விட முடியாது.

ஒரு கவலையை மறைக்க முடியாது. திறப்புக்கு முன்பே, 2024இல், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தன் அறிக்கையில் துருப்பிடிப்பையும், தூக்கும் கர்டரின் வடிவமைப்பு வழக்கமான தரவரைவின்படி இல்லாததையும் குறிப்பிட்டார். இந்தக் கடலில் பெயின்ட் உரிந்த இடத்தை ஒரு மழைக்காலம் விட்டுவைத்தாலே போதும், இரும்பு பொருக்குத்தட்ட ஆரம்பித்துவிடும்.

பாலம் தூக்குவதைப் பார்க்க ரயில் சரிப்படாது. சாலைப் பாலத்தின் தென்புற நடைபாதைதான் இடம். முன்பு ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது ஐந்தரை நிமிடம். கப்பல் தெரிந்த பிறகு ஓடினால் தவறவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் கையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று வலுத்தால் மண்டபத்திலேயே ரயிலை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ராமேசுவரத்துக்குப் பஸ் உண்டு.