சிசிஎம்பி 1335: கடல் சூடேறினால் பாசி எப்படிப் பரிணமிக்கும் என்று பார்க்க இந்த வளர்ப்பு போதுமா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பிகலோ ஆய்வகத்தின் என்சிஎம்ஏ என்ற பாசி சேமிப்பகம் 1335 என்ற எண்ணில் விற்கும் தலாசியோசைரா சூடோனானா டையட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசி) இது. 1958-ல் லாங் ஐலண்டின் மோரிச்சஸ் விரிகுடாவில் எடுத்தது. மரபணுத்தொகுதி முழுதும் வாசிக்கப்பட்ட முதல் டையட்டமும் இதுதான் (2004). ஆகவே எந்தப் பிறழ்வு நிலைத்தது என்று ஒப்பிட அடித்தளம் தயாராக இருக்கிறது. பல டையட்டங்கள் செல் இரண்டாகப் பிரியப் பிரியச் சிறுத்துப்போகும்; இது சிறுக்காமல் ஆண்டுக்கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கும். நீண்ட சோதனைக்கு இந்தக் குணம் பெரிய வரம்.

குழாய் வந்ததும் மூடியைத் தளர்த்தி, 20 டிகிரியில், மங்கலான வெளிச்சத்தில் வையுங்கள். மறுநாளே புது எஃப்/2 ஊடகத்துக்கு (ஊட்டச்சத்து சேர்த்த கடல்நீர்) மாற்றிவிடலாம். 31 மில்லி ஊடகத்தில் 1 மில்லி வளர்ப்பை விட்டால் 32 மடங்கு நீர்ப்பு; பழைய அடர்த்திக்குத் திரும்ப செல்கள் ஐந்து முறை இரட்டிக்க வேண்டும், அதாவது 5 தலைமுறை. வாரம் ஒரு மாற்றம் என்றால் 300 தலைமுறைக்கு 60 வாரம் ஆகும்.

பலர் கோட்டைவிடுவது, டையட்டம் ஓடு கட்டத் தேவையான சிலிக்கேட்டில். எஃப்/2-வில் நைட்ரேட் 882 மைக்ரோமோலார், சிலிக்கேட் 106 மட்டுமே. டையட்டம் இரண்டையும் ஏறக்குறையச் சம அளவில் எடுப்பதால் சிலிக்கேட்தான் முதலில் தீரும். குடுவை அடர்த்தியாகும்வரை விட்டால், நீங்கள் தேர்ந்தெடுப்பது வெப்பம் தாங்கும் செல்லை அல்ல, சிலிக்கேட் பஞ்சத்தைத் தாங்கும் செல்லை! வளர்ச்சி வேகமாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். கிருமி நீக்க ஊடகத்தை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) வைத்தால் கரியமில வாயு வெளியேறி, பிஎச் ஏறி, வெண்படிவு விழும், 0.2 மைக்ரான் வடிகட்டியே நல்லது.

சூட்டைச் சோதிக்க 32 டிகிரியில் வைத்த குடுவையில் வளர்ச்சி படுத்துவிட்டால் உடனே கொட்டிவிட வேண்டாம். இதே இனத்தில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், நிலையான 32 டிகிரியில் மீண்டெழ நூறு தலைமுறைக்கு மேல் ஆனது. 22-க்கும் 32-க்கும் மாறிமாறி வைத்தவை வெகு சீக்கிரம் மீண்டன. இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்துங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு குடுவையாவது இருக்கட்டும். 22 டிகிரிக் கட்டுப்பாட்டுக் குடுவைகளையும் விடாமல் மாற்றி வாருங்கள், ஏனென்றால் அவையும் மாறிக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் பத்துத் தலைமுறை பழக்கிய பிறகே அளவெடுக்க வேண்டும். இல்லையென்றால் தற்காலிக இசைவையும் மரபு மாற்றத்தையும் பிரித்தறிய முடியாது.

குறை என்றால், அறுபது ஆண்டுக்கும் மேல் ஆய்வகத்திலேயே வாழ்ந்த பாசி இது. கடலில் உள்ள மரபு வேறுபாடு இதில் இல்லை. பாக்டீரியா நீக்கியது என்று குறிப்பிடாத குழாயில் பாக்டீரியாவும் சேர்ந்தே வரும். பரிணாமத்தின் இயங்குமுறையைப் பார்க்கத் தாராளமாக வாங்கலாம். வெப்பமண்டலக் கடலின் நாளையைக் கணிக்க வாங்காதீர்கள். அங்குள்ள பாசிகள் ஏற்கெனவே தம் உகந்த வெப்பநிலையை ஒட்டியே வாழ்கின்றன. அதற்கு அந்தந்தக் கடலில் புதிதாகப் பிரித்தெடுத்த வளர்ப்புதான் வேண்டும்.