உலக சினிமாப் பட்டியலும் வெள்ளை சப்டைட்டிலும்

அலுவலகத் தோழி ஒருவர் போன வாரம் கேட்டார்: "சைட் அண்ட் சவுண்ட் பட்டியலைப் பார்த்துட்டு வர்றீங்களே, நானும் ஆரம்பிக்கலாமா?" அந்த பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகையில் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து உலகின் தலைசிறந்த படங்கள் என்று வெளியிடுகிறார்களே, அந்தப் பட்டியல்தான். கடைசியாக 2022இல் வந்ததை வைத்து நான் பார்த்துவருகிறேன்.

படங்களில் எனக்குக் குறையே இல்லை. என் கோபமெல்லாம் சப்டைட்டில் மேல்தான்.

நான்காம் இடத்தில் இருக்கும் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம், கோடைக்காலக் கதை. ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, ஆளாளுக்குக் கையில் விசிறி. அந்தச் சட்டை மேலேயே வெள்ளை எழுத்து வந்து உட்கார்ந்தால் எப்படிப் படிப்பது? அதோடு, படத்தின் இயக்குநர் ஓசு கேமராவைத் தரையை ஒட்டி வைத்து எடுப்பவர். மடக்கிய கால்கள், பாய், மடியில் கிடக்கும் கை என்று அவர் பார்த்துப் பார்த்து அமைத்ததெல்லாம் திரையின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. எழுத்தும் அங்கேயேதான் வருகிறது. அடாமி என்ற ஊரில் கடலோரச் சுவரில் கதையின் மையமான வயதான தம்பதி உட்கார்ந்து பேசிவிட்டு எழும்போது அந்த அம்மாவுக்குத் தலைசுற்றும். எழுத்தைத் துழாவிக்கொண்டிருந்தால் அந்தத் தடுமாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். பின்னால் ஓட்டித்தான் பார்த்தேன்.

நியாயமாகச் சொன்னால், நான் சந்தா கட்டும் தளத்தில் பிரதிகள் நல்ல தெளிவு. பழைய படங்களை அகலத்துக்கு இழுத்து முகத்தை உப்பவைப்பதில்லை. இவ்வளவு செய்தவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு வைக்க முடியாதா? நிறத்தை நாமே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

35ஆம் இடத்தில் 'பதேர் பாஞ்சாலி'. வெள்ளை நாணற்பூ அசையும் வெளியில் ரயில் வரும்போது, நல்லவேளை, அக்காவும் தம்பியும் அதிகம் பேசுவதில்லை.

அப்புறம் முதலிடம், 'ழான் தீல்மான்' (1975). ஷாந்தல் அக்கர்மன் இருபத்தைந்து வயதில் எடுத்தது. 201 நிமிடம், பிரசல்ஸில் ஒரு விதவையின் மூன்று நாட்கள். பேச்சு அபூர்வம் என்பதால் கண் முழுக்கத் திரைக்குத்தான். விதவையாக நடிக்கும் டெல்ஃபின் சேரிக் அறையை விட்டு வரும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறார். வந்த பணத்தைச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் சூப் பாத்திரத்தில் போட்டு மூடுகிறார். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எந்தக் கொலைப் படத்திலும் நான் அப்படிப் பதறியதில்லை. பட்டியல் இல்லாவிட்டால் இந்தப் படத்தின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இருந்தும் தோழியிடம், "இப்போ ஆரம்பிக்காதீங்க" என்றுதான் சொன்னேன். எழுத்தின் நிறத்தை மாற்ற வழி செய்யும்வரை அந்தத் தளத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. பட்டியலில் பாதிகூடத் தாண்டவில்லை, ஆனாலும் புதுப்பிக்கப்போவதில்லை.